படகின் பாரம்

நீர்த்தேக்கத்தின் நடுவே தீவாக நின்ற தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் அக்கரையில் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். செத்துப்போன கணவன் லியனார்டைத் தனியே விட்டுவர மனமில்லாத இராசம்மா, கல்லறைகளின் நடுவே நின்று அழுதுவிட்டுக் கடைசி ஆளாகப் படகேறினாள்.

படகு விளிம்புவரை அமிழ்ந்தது.

"நீங்க ஒருத்தர்தானே அக்கா ஏறுனீங்க? பத்துப் பேரு பாரம் இழுக்குதே!" என்றான் படகோட்டி ஜூட்சன்.

கரை வந்ததும் இராசம்மா இறங்கினாள். படகு அமிழ்ந்தே கிடந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சற்று உயர்ந்தது. மறுபடி சாய்ந்து, இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

இராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடாமல் இருக்கப் படகை இறுகப் பிடித்தாள்.

"பாத்து எறங்குங்க, வழுக்கும்," என்றாள். "வீடு கிட்டதான்."