மூன்றாம் நாள் தட்டு

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயில் நுண்ணோக்கியின் கழுத்தில் ஏறி நிற்கிறது. ஆய்வு மாணவி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எலும்பை அரிக்கும் செல்கள் முழுதாக வளர ஆறு நாளாகும். இளசாக இருக்கும்போது ஒரு புரதத்தால், தங்களை வளர்க்கும் தட்டைப் பற்றிக்கொள்கின்றன. முற்ற முற்ற அதைக் குறைத்து, இன்னொன்றால் பிடிக்கின்றன. தினமும் ஒரு தட்டைக் கழுவி, மிச்சம் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ணுவது இவள் வேலை. இதுவரை சோதனையைச் செய்த நான்கு முறையும் மூன்றாம் நாள் தட்டு மட்டும் துடைத்துவிட்டாற்போல் காலி. "நீ கழுவுறது செல்லா, அடிப்பிடிச்ச சட்டியா?" என்று ஆய்வை வழிநடத்தும் மேடம் எல்லார் முன்னாலும் கேட்டதிலிருந்து இவள் பெயரே 'கனத்த கை' என்றாகிவிட்டது. நேற்று ஐந்தாம் முறை. சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவியும் காலிதான். என்ன தோன்றியதோ, கழுவின நீரைக் கொட்டாமல் புதுத் தட்டில் ஊற்றி வைத்தாள். இப்போது பார்ப்பது அதைத்தான். பக்கத்து மேசை டெக்னீஷியன் கையுறையை உதறிக்கொண்டே, "என்ன கனத்த கை, இன்னிக்கும் காலியா?" என்கிறார். இவள் தட்டை லேசாக ஆட்டுகிறாள். திரவம் அலைகிறது, அடியில் நூற்றுக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் செல்களில் ஒன்றுகூட அசையவில்லை. கை கனத்துப் பிய்த்திருந்தால் செத்து மிதந்திருக்கும்; இவை உயிரோடு மறுபடி பிடித்திருக்கின்றன. பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி இறுகாத நாளாகப் பார்த்துக் கழுவியிருக்கிறாள் போல. ஸ்டூலைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிறாள்.

"அண்ணா, மேடத்தைக் கூப்பிடுங்க. ஒரு நாள் பிந்தி வெச்ச இன்னொரு தட்டுக்கு இன்னிக்குத்தான் மூணாம் நாள். அதை அவங்க கையாலயே கழுவட்டும்."