காலிச் சுவர்

ஏரியில் குப்பை கொட்டாதீர்கள், வேறு இடம் நான் காட்டுகிறேன் என்று கைப்பட எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு, பேருந்து நிலையச் சுவரில் குருவம்மாள் ஒட்டிவந்தாள். விடிந்தால் அதன்மேல் யாரோ ஒரு தலைவர் பிறந்தநாள் சிரிப்பு சிரித்துக்கொண்டிருப்பார். இன்று அவள் தாளைத் தன் நெஞ்சிலேயே ஊக்கால் குத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். பசை வாளியும் தலைவர் சுவரொட்டிகளுமாக வந்த மாரிச்செல்வத்துக்கு எரிச்சல்.

“தள்ளுக்கா. நீ எழுதுறத எவன் படிக்கிறான்?”

“எவனும் படிக்கலன்னா ஏன்டா தேடித்தேடி என் எழுத்து மேலயே ஒட்டுற? அந்தக் கோடி வரைக்கும் செவுரு காலியாத்தானே கெடக்கு!”

அவன் பிரஷ்ஷை வாளியில் முக்கினான்.

“இந்தா, இன்னிக்கு எழுத்தோட என் மூஞ்சியும் இருக்கு. ஒட்டுடா.”

வந்து நின்ற பேருந்தின் சன்னல்களில் தலைகள் நீண்டன. அவன் தூக்கிய பிரஷ்ஷிலிருந்து பசை அவன் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.