இருபத்து நான்கு

மார்ச்சா ஏப்ரலா, எனக்கு நிச்சயமில்லை. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் பழைய சாமான்களைத் தெருவோரம் எறியும் வாரம். யாரோ போட்ட கணினியிலிருந்து எட்டு ஜிபி ரேம் நினைவகப் பட்டை ஒன்றைக் கழற்றிவந்து, லாக்லன் தன் கிழட்டு விளையாட்டுக் கணினியில் இருந்த எட்டோடு சேர்த்துப் பொருத்தினான். பதினாறு காட்ட வேண்டிய திரை இருபத்து நான்கு என்றது.

மனைவி டீகன் கொதித்தாள். "புள்ளைக்கு ஷூ வாங்கக் காசில்ல. திருட்டுத்தனமா இன்னொண்ணு வாங்கியிருக்க!"

"ரேம் செருக இருக்கறதே ரெண்டு இடம்தான்டி!"

"அப்ப ரேம் என்ன, குட்டி போட்டுச்சா?"

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து இரண்டு ரேமையும் பிடுங்கி அவள் கையில் திணித்தான். ரேம் இல்லாமல் கணினி அணைந்திருக்க வேண்டும். ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. திரை எட்டு என்றது.

டீகன் இப்போது மகளோடு வேறு ஊரில், ஜீலாங்கில் இருக்கிறாள். லாக்லன் பல்லாரட்டிலேயே இருக்கிறான், தினமும் அதே கணினியில் விளையாடுகிறான். இரண்டு இடமும் காலி; ரேம் எதுவும் அவன் வாங்கவில்லை.