படக் கண்ணாடியில் ஓடும் ஆட்டம்

மாதா கோயிலின் மாலை மணி ஓய்ந்து, ஜன்னலில் கடற்காற்று மட்டும் மிச்சமிருக்கிறது. டைட்டஸ் தன் மனைவி ஆக்சிலியாவின் பக்கத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால், ஜெபமாலையோடு முழந்தாளிட்டிருக்கிறார். முதுகுக்குப் பின்னால், சத்தத்தை அடக்கிவிட்டு அணைக்க மட்டும் மறந்துபோன டிவியில் கால்பந்து ஓடுகிறது. தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்ற அவருடைய அணி. "இனிமே இவனுங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று போன வாரம்தான் சபதம் போட்டார். அதனால் அவர் டிவியைப் பார்க்கவில்லை, ஆண்டவரைத்தான் பார்க்கிறார். சின்னச் சிவப்பு விளக்குக்கு மேலே, படத்தின் கண்ணாடியில், ஆண்டவரின் நெஞ்சுக்குக் குறுக்கே பச்சை மைதானம் இடம் வலமாக மாறித் தெரிகிறது. ஆளுக்கு ஒரு கோல். இன்னும் ஐந்தே நிமிடம். ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணியும் யாருக்காக என்று ஆக்சிலியா முன்னதாகச் சொல்லிவிடுவாள். இந்த நான்காவது பத்து, நெடுங்காட்டு மாமாவின் முழங்கால் வலிக்கு. அதன் கடைசி மணியில் விரல் இருக்கும்போது, கண்ணாடிக்குள் அவர் அணியின் ஏழாம் நம்பர் சட்டை தனியாகப் பாய்ந்து உதைக்கிறது. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. "ச்சே!" டைட்டஸ் பதறிப்போய்த் தன் வாயைப் பொத்துகிறார். ஆனால் அந்தக் குரல் அவருடையதல்ல. பக்கத்தில் ஆக்சிலியா, ஜெபம் பாதியில் நிற்க, இமைக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, மிச்ச ஜெபத்தை முடித்து, ஐந்தாவது பத்துக்கு விரலை நகர்த்துகிறாள். "இது யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."