பையில் வைத்த பல்

வாட்ச்மேனின் வலது கையில் பற்கள் பதிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பல் செட்காரருக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. பொறி வேலை செய்துவிட்டது.

அடுத்த நொடி வாட்ச்மேனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, தூணோடு சேர்த்து ஓர் அறை விட்டார். பல் மருத்துவமனைக்கு அடியில் இருந்த அந்த வண்டி நிறுத்தும் தளத்தை அறைச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"யார் பையில கை வைக்கிற?"

அவருடைய மோட்டார் சைக்கிளின் சீட்டுக்குப் பக்கவாட்டில் தொங்கவேண்டிய தோல் பை, வார் அவிழ்ந்து தரையில் கிடந்தது. அவர் செய்யும் பல் செட்டுகளும் தங்கப் பற்களும் அந்தப் பையில்தான் ஊர்வலம் போகும். முதல் பை பூட்டோடு போயிற்று. அடுத்த பை சங்கிலியோடு போயிற்று. இன்னொரு தடவை தொலைத்தால் இந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று மாடியில் இருக்கும் டாக்டர் சொல்லிவிட்டார். பல் செட்காரருக்கு வேலை கொடுக்க மிச்சம் இருந்த டாக்டர் அவர் ஒருவர்தான்.

அதனால்தான் பல் செட்காரர் தன் தொழிலையே காவலுக்கு வைத்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, ஒரு பல் குறையாமல் எஃகில் ஒரு செட் வார்த்து, எலிப்பொறி ஸ்பிரிங்கில் மாட்டி, பைக்குள் வாயைத் திறந்து வைத்தார். மாட்டும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டது வீட்டோடு இருக்கும் மச்சான். ஒத்திகைக்குத் தன் செருப்பைக் கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தச் செருப்பு கைக்குழந்தைக்குத்தான் பொருந்தியது.

"என்ன மாமா, என்ன ஆச்சு?"

சிகரெட் பிடிக்கப் போயிருந்த மச்சான் சரிவுப் பாதையில் மூச்சிரைக்க ஓடி வந்தான். மேலே முன்பல் ஒன்று போனதிலிருந்து அவன் பேசினால் பாதி பேச்சு, பாதி விசில். 'ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க, என் தம்பி வாயில மட்டும் ஓட்டை' என்று மனைவி பாடாத நாளில்லை. அடுத்த வாரம் என்று பல் செட்காரர் சொல்லாத நாளும் இல்லை.

"மாட்டிக்கிட்டான்டா மச்சான். கையைப் பாரு."

மச்சான் கையைப் பார்த்தான். வந்த வேகத்திலேயே வாட்ச்மேனின் வயிற்றில் ஓர் உதை விட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தவரின் வாயில், வண்டி துடைக்கும் துணியைச் சுருட்டித் திணித்தான்.

"கத்துனா கூட்டம் கூடிடும் மாமா. நீங்க அடிங்க."

மச்சான் இவ்வளவு பாசக்காரன் என்று பல் செட்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாசத்தை வீணாக்கக் கூடாது என்று அவரும் இடுப்பு பெல்ட்டை உருவினார். பெல்ட்டின் பக்கிள் பட்டு வாட்ச்மேனின் புருவம் கிழிந்து தொங்கியது. மச்சான் வண்டியிலிருந்து உருவிய ஸ்பேனர் முழங்காலில் இறங்கியபோது காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் தூணோரமாகச் சரிந்து சுருண்டார்.

"மண்டையில ஒண்ணு போட்டுரட்டுமா மாமா?"

"இருடா. செத்துகித்துத் தொலைஞ்சான்னா டாக்டர் என்னைத்தான் கோவிச்சுக்குவார்."

திணித்த துணியையும் தாண்டி வாட்ச்மேனின் கடைவாயில் ரத்தம் வழிந்தது. அதைக் கண்டதும் பல் செட்காரருக்குத் தொழில் புத்தி முழித்துக்கொண்டது. திருடனாகவே இருந்தாலும் பல் பல்தான். துணியை உருவி எறிந்துவிட்டு, நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாயால் சொன்னார்:

"எங்கே, ஈன்னு காட்டு. ஏதும் உடைஞ்சிருக்கா பார்ப்போம்."

"வேணாம் மாமா, விரலைக் கடிச்சு வச்சிரப் போறான்" என்று மச்சான் துணியைப் பொறுக்கக் குனிந்தான்.

வாட்ச்மேன் ஈ காட்டவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"நான் எடுக்கல சார். எவனோ லைட்டை அணைச்சுட்டு வாரை அவுத்தான். இருட்டுல சத்தத்தை வச்சுப் பின்னாலருந்து போய்க் கழுத்தை வளைச்சுப் பிடிச்சேன். என் கையைக் கடிச்சுட்டு, பையைப் போட்டுட்டு ஓடிட்டான். மூஞ்சி தெரியல. லைட்டைப் போட்டுட்டு உக்காந்தேன், நீங்க வந்துட்டீங்க."

"புளுகுறான் மாமா. கடிச்சது நம்ம பொறி."

பல் செட்காரர் பையை இழுத்து, மூடியை ஸ்பேனர் முனையால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். எஃகுப் பற்கள் வைத்தது வைத்தபடி ஆவென்று திறந்திருந்தன. பை கீழே விழுந்த அதிர்ச்சிக்குக்கூட அசையவில்லை. நல்ல வேலைப்பாடு. ஆனால் அது இன்னும் யாரையும் கடிக்கவில்லை.

வாட்ச்மேனின் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைத்தார். இத்தனை நேரம் கோபத்தில் பார்த்ததை இப்போது தொழில்காரராகப் பார்த்தார். மேல் வரிசைத் தடம் அழகாக வளைந்து வந்தது. முன்பக்கம் ஒரு பல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் மறுபடி ஆரம்பித்தது.

பொறியை, திறந்த வாய் திறந்தபடியே, இரண்டு கையாலும் பதமாகத் தூக்கிக்கொண்டு எழுந்து திரும்பினார். மச்சான் உதட்டை இறுக மூடிக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

"மச்சான், எங்கே, ஈன்னு காட்டு."