திரும்பும் வழிக்கு எலுமிச்சம்பழம்

ஆத்தூர்த் தென்னந்தோப்புக்குள் இருக்கும் கார் அருங்காட்சியகத்தில், பழைய கார்ச் சங்கத்தார் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாய்ந்த வெயில் பளபளக்கும் ஹெட்லைட்டுகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. வாசலில் உடையப்பன் மட்டும், தன் கல்யாண ஊர்வலம் போன பச்சைக் காரின் பானட்டைத் திறந்துவைத்து நிற்கிறார். திண்டுக்கல்லிலிருந்து வழியெல்லாம் கொதித்த ரேடியேட்டர் இன்னும் சீறுகிறது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதில் தோள்பட்டை விண்ணென்று வலிக்கிறது. உள்ளே கொட்டகை ஓரத்தில், ஒரு கார் நிற்குமளவு இடம் கூட்டிப் பெருக்கிக் கிடக்கிறது. “எங்கிட்ட விட்டுருங்கண்ணே, நல்லாப் பாத்துக்கிறேன்” என்று அருங்காட்சியகக்காரர் ஆனந்த்ராஜ் மறுபடியும் சொல்கிறார். உடையப்பன் இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றுகிறார். கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழங்களை மனைவி அய்யம்மாள் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறாள். “இருட்டுறதுக்குள்ள கெளம்பிருவோமாங்க?” உடையப்பன் பானட்டை மெல்லச் சாத்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார். இன்னும் சுடுகிறது. “அதப் பிழிஞ்சு குடிக்கக் குடு, அய்யம்மா. பஸ்ஸு எப்பன்னு கேப்போம்.”