மூன்றாவது டிஸ்க்

"கிட்ட வராதே! நாலு டிஸ்க்ல ஒண்ணு செத்துப்போச்சு. கை தவறி இன்னொண்ணை உருவினா, பாப்பா பொறந்ததுலேர்ந்து எடுத்த படம் அத்தனையும் போயிடும்," என்று மனைவியை விரட்டினார் கணவர்.

ஆபீஸில் சர்வர் அறையே அவர் பொறுப்பு. வீட்டு அலமாரியில் படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது; அது எம்மாத்திரம்? செத்துப்போன மூன்றாவது டிஸ்க்கின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து வெளியே எடுத்தார். அதைத் தாங்கியிருந்த சட்டத்திலிருந்து கழற்றி, கடையில் வாங்கி வந்திருந்த புதிய டிஸ்க்கின் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். அதற்குள் போன் வந்தது.

பேசிவிட்டு வந்து, டிஸ்க்கைச் சட்டத்தில் மாட்டி உள்ளே தள்ளினார். பெட்டி மறுபடியும் கத்தியது.

"புதுசுன்னு சொல்லி ஓட்டையைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன்! இப்பவே கேக்கறேன்."

"ஏங்க, அவரைத் திட்டறதுக்கு முன்னாடி, இப்ப மாட்டினதை வெளிய எடுத்துப் பாருங்களேன்."

எடுத்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"என்னது இது?"

"என் நெயில் பாலிஷ். ரெண்டும் ஒரே அச்சா இருந்துதா, நீங்க போன் பேசப் போனப்ப பழசுல ஒரு சொட்டு வெச்சேன். புதுசு இன்னும் மேஜை மேலதான் இருக்கு."

"மாட்டும்போதே சொல்லக் கூடாதா?"

"கிட்ட வராதேன்னீங்களே!"

மறுநாள் சர்வர் அறையில் அவருடைய ஸ்க்ரூடிரைவர் பையிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டில் உருண்டு விழுந்தது. உடன் வேலை செய்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சிரிப்பு? டிஸ்க் மாத்தறதுக்கு நானே கண்டுபிடிச்ச முறை," என்றார் அவர்.